கத்தி படாத புத்தகம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்லவில்லை. மீன் குழம்பு வைக்கத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, “சமீபத்துல நீ படிச்சதுல நல்ல புஸ்தகம் எதும்மா?” என்றார்.

முறுக்குத் தட்டோடு நின்றிருந்த எனக்கு வாயெல்லாம் பல். புதுச்சேரி உப்பளம் பேட்டையில் எங்கள் வீட்டில் இப்படி ஒரு கேள்வி கேட்க நாதியில்லை. அப்பா மில்லில் மேஸ்திரி. அவர் கையில் பிடித்த ஒரே புத்தகம் பூசைப் புத்தகம்தான். அம்மாவுக்கோ நான் புத்தகத்தைத் திறந்தாலே அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்துவிடும். ஆகவே கேட்டதுதான் தாமதம், போன வாரம் இரவல் வாங்கிப் படித்த துப்பறியும் நாவலை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கிணற்றில் பிணம் மிதந்தது, தோட்டக்காரன் மேல் சந்தேகம் விழுந்தது, எல்லாம் சொன்னேன். கொலைகாரன் யார் என்று சொல்லப்போகும் நேரத்தில் அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். வாயை மூடிக்கொண்டேன்.

“அப்புறம்? யாரு கொன்னது?” என்று மாப்பிள்ளை கேட்டார். அவருடைய அப்பா திரும்பி ஒரு முறை முறைத்தார். மாப்பிள்ளை முறுக்கைக் கடித்துக்கொண்டார்.

“அதெல்லாம் பொழுதுபோக்கு” என்றார் பெரியவர். “நல்ல புஸ்தகம்னா என்னான்னு நான் தர்றேன்.”

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கைமாற்றிவிட்டுப் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. பெரியவர் அதற்கும் முன்பே சைகோன் கோர்ட்டில் உத்தியோகம் பார்த்து, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். தெருவில் எல்லாரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்றுதான் அழைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் அவர் வீட்டில் காப்பி உண்டு. காப்பி குடிக்க ஒரே ஒரு நிபந்தனை: அந்த வாரம் படித்த நல்ல புத்தகம் ஒன்றைப் பற்றிச் சொல்லி, மற்றவர்கள் அதை ஏன் படிக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். தவறாமல் வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். இன்னொருவர் மருந்துக்கடைக்காரர். ரொட்டி கொண்டுவரும் ஆளைக்கூட முசியே விடமாட்டாராம். பாவம், அந்த மனுஷன் சின்னக் குறிப்பிடம் என்கிற ஞானோபதேசப் புத்தகத்தையே வாராவாரம் நல்ல புத்தகம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார்.

முசியே எந்த வீட்டுக்குப் போனாலும் மற்றவர்கள் பழம் கொண்டுபோவதுபோல் ஒரு புத்தகம் கொண்டுபோவார். எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். பட்டுத் துணியில் சுற்றி, ரிப்பன் கட்டி, செங்கல் கனத்தில் ஒன்று. அதை என் கையில் கொடுக்கும்போது எழுந்து நின்றார். மரியாதைக்கு என் அப்பாவும் எழுந்து நின்றார்.

“பிரெஞ்சு நாவல். என் வாழ்நாள்ல இதைவிட ஒசத்தியா ஒண்ணு படிச்சதில்ல. ஒரு கலங்கரை விளக்கக் காவக்காரனோட மக கதை. கடைசில அந்தப் பொண்ணு சாவுற எடத்துல நீ அழுவலன்னா என்னைக் கேளு. ஊர்ல நான் இரவல் குடுக்காத ஆள் இல்ல. அழுவாத ஆளும் இல்ல. நீதான் கன்னியாஸ்திரிங்க பள்ளிக்கூடத்துல ப்ரவே பரீட்ச வரைக்கும் படிச்ச பொண்ணாச்சே. பதினஞ்சு நாள் கழிச்சு, ஞாயித்துக்கெழம, பூசை முடிஞ்சு நம்ம வூட்டுக்கு எல்லாருமா வாங்க. புஸ்தகத்தப் பத்திப் பேசலாம். தேதியப் பத்தியும் பேசலாம்.”

புத்தகம் முதலில், தேதி பிறகு. வரிசை எல்லாருக்கும் புரிந்தது.

அவருடைய மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து அவர் பேசியது “முறுக்கு பதமா இருக்கு” என்பது மட்டும்தான். போகும்போது முசியே அவரைக் காட்டி, “இவளுக்குப் படிப்பு வாசனை கெடையாது. வூட்டு வேலையே சரியா இருக்கு. அதனாலதான் வர்ற மருமவளாவது படிக்கிறவளா இருக்கணும்னு பாக்கறேன்” என்றார். அந்த அம்மா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டும். இப்போது வயதாகிவிட்டது, வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வருவதற்கு ஒரு மாதம் முன்பே நான் அவரைப் பெரிய மார்க்கெட்டில் பார்த்திருந்தேன். வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போனார். மீன்காரம்மா மீனைச் சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் தாளைப் படித்துக்கொண்டே நடந்தார். அந்தப் பக்கம் முடிந்ததும் மீனைத் திருப்பிப் பிடித்து மறுபக்கம் படித்தார். அப்படியே போய்ப் பூசணிக்காய்க் குவியலில் முட்டிக்கொண்டு, பூசணிக்காயிடம் மன்னிப்புக் கேட்டார். இந்த ஆளைத் தவிர வேறு யாரைக் கட்டிக்கொண்டாலும் நான் உருப்படமாட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவரே சம்பந்தம் பேசி வந்து நின்றபோது நான் மாதாவுக்கு இரண்டு மெழுகுவர்த்தி அதிகமாக ஏற்றினேன்.

அவர்கள் போனதும் ரிப்பனை அவிழ்த்தேன். மஞ்சள் அட்டை. முதல் பக்கம் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. புரட்டப் போனேன். புரளவில்லை.

பிரெஞ்சுப் புத்தகம் பழகாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் அங்கிருந்து வரும் புத்தகங்களை அச்சாபீசில் ஓரம் வெட்டித் தரமாட்டார்கள். பெரிய தாளை மடித்து மடித்துத் தைத்து அப்படியே அனுப்பிவிடுவார்கள். தலைப்பக்கமும் ஓரமும் மூடியே இருக்கும். வாங்கியவர் கத்தி வைத்துக்கொண்டு அறுத்து அறுத்துப் படிக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் அதற்கென்றே தந்தத்தில் ஒரு மழுங்கல் கத்தி வைத்திருந்தார்கள். ஒரு புத்தகத்தை எவ்வளவு தூரம் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதன் ஓரத்தைப் பார்த்தாலே போதும்.

இந்தப் புத்தகத்தில் முதல் மடிப்பிலிருந்து கடைசி மடிப்பு வரை ஒரு இடத்தில்கூடக் கத்தி படவில்லை.

அடக்க முடியாமல் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வாழ்நாளில் இதைவிட உசத்தியாகப் படித்ததில்லை என்ற முசியே இதைப் படிக்கவில்லை. அழுத வாத்தியார் படிக்கவில்லை. அழுத மருந்துக்கடைக்காரர் படிக்கவில்லை. ஊரே சேர்ந்து, திறக்காத புத்தகத்துக்குக் கண்ணீர் விட்டிருக்கிறது. இப்போது என்னுடைய முறை.

அறுத்துப் படித்தால், இதுவரை யாரும் அறுக்கவில்லை என்பது வெளிச்சத்துக்கு வரும். முசியேவின் மானம் போகும். மானம் போன வீட்டில் யார் எனக்குத் தேதி குறிப்பார்கள்? அறுக்காமல் திருப்பிக் கொடுத்தால், படிக்காமலே படித்தேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு எத்தனையோ கெட்ட பழக்கம் உண்டு. வாய்த்துடுக்கு உண்டு, முன்கோபம் உண்டு. ஆனால் படிக்காத புத்தகத்தைப் படித்ததாகச் சொன்னதில்லை. அது எனக்குப் பூசையில் திவ்ய நன்மை அப்பத்தை வாங்கிவிட்டுத் துப்புகிற மாதிரி.

வீட்டில் கலந்து பேசினோம்.

“அறுத்துப் படிச்சிட்டு, கஞ்சிப் பசை போட்டு ஒட்டிக் குடுத்துடேன்” என்றாள் அம்மா.

“எதுக்கு இவ்ளோ ரோதனை? நல்லாருக்குதுன்னு சொல்லிட்டு வா” என்றார் அப்பா. “புஸ்தகம் வந்து சாட்சியா சொல்லப் போவுது?”

இரண்டு பேரையும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மடிப்புகளுக்குத் தலைப்பக்கமும் ஓரமும்தான் அடைப்பு. கால்பக்கம் திறந்திருந்தது. இரண்டு விரலை உள்ளே விட்டுப் பிரித்துப் பிடித்தால் தாள் குழாய் மாதிரி வளைந்துகொடுக்கும். அதற்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால் வரிகள் தெரியும். முழுவதும் தெரியாது, முதுகோரத்தில் இரண்டு மூன்று எழுத்து இருட்டில் போய்விடும். அதை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பதினைந்து நாள் நான் பட்ட பாட்டை எழுத்தில் வடிக்க முடியாது. காலையில் கிழக்கு ஜன்னல், மத்தியானம் முற்றம், சாயங்காலம் மேற்கு ஜன்னல் என்று வெயிலோடு நகர்ந்தேன். மல்லாந்து படுத்துப் புத்தகத்தை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கீழேயிருந்து பார்ப்பதுதான் சௌகரியம் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. நான்காம் நாள் அது கை நழுவி மூக்கில் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, பெண்ணுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு, கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாவல் அபாரம். சத்தியமாகச் சொல்கிறேன், மூக்கு வீங்கியும் கீழே வைக்க மனசு வரவில்லை. அந்தக் காவல்காரன் மகளுக்கு என்னைப் போலவே வாய். அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஒரு கப்பல் முதலாளி வருகிறான். இவள் மாட்டேன் என்கிறாள். ஊர் ஏசுகிறது. அப்பன் அடிக்கிறான். நான் படபடப்போடு கடைசி மடிப்புக்குள் கண்ணை வைத்தேன். அவள் சாகவில்லை. சாவின் வாடைகூட இல்லை. துறைமுகத்து ஊரில் ஒரு ரொட்டிக்கடை வைத்து, இரண்டு ஆட்களை வேலைக்கு அமர்த்திக்கொண்டு, பல்வலி ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் நன்றாக இருக்கிறாள். கடைசி வரியில் அடுப்புக்கு விறகு பத்தாது என்று வேலைக்காரனைத் திட்டுகிறாள்.

எனக்குத் தலை சுற்றியது. இப்போது சிக்கல் வேறாகிவிட்டது. படித்துவிட்டேன் என்று சொல்வது உண்மை. ஆனால் அவள் செத்ததற்கு அழுதேன் என்று சொல்ல வேண்டும், அது பொய். குத்துக்கல் மாதிரி இருக்கிறவளுக்கு எப்படி ஒப்பாரி வைப்பது? இரண்டு நாள் யோசித்தேன். மீன் சுற்றின தாளைப் படித்துக்கொண்டு போன அந்த முகம் கண்ணில் நின்றது. சரி, ஒரே ஒரு பொய் என்று முடிவு செய்தேன். பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம். கண்ணாடி முன்னால் நின்று, “ரொம்ப அழுதுட்டேன் மாமா” என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனோம். முசியே வீட்டுக் கூடத்தில் வாத்தியாரும் மருந்துக்கடைக்காரரும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வாசற்படியோரம் ஒரு ஸ்டூலில் இருந்தார். அவருடைய அம்மா உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தார். ரிப்பன் கட்டிய மூட்டையை மேஜைமேல் வைத்தேன். என் அப்பா, இன்னும் அரை மணியில் எல்லாம் முடிந்துவிடும் என்கிற முகத்தோடு சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

“படிச்சியாம்மா?” என்றார் முசியே.

“முழுசும் படிச்சேன் மாமா. ரொம்ப நல்ல புஸ்தகம்.”

அதுவரை நான் சொன்னது அத்தனையும் உண்மை.

“கடைசில?”

வாயைத் திறந்தேன். அதற்குள் வாத்தியார் முந்திக்கொண்டார். “அந்தச் சாவு! அடாடா! வெளிய மழ கொட்டுது. உள்ள ஒரே ஒரு மெழுவத்தி. அந்தப் பொண்ணு அப்பன் கையப் புடிச்சிக்கிட்டு, அப்பா என்ன மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டுக் கண்ண மூடுறா. எனக்கு மூணு நாள் சோறு எறங்கல.”

“எனக்கும்” என்றார் மருந்துக்கடைக்காரர். ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவள் அந்த அப்பனிடம் மன்னிப்புக் கேட்டாளாம்! பெல்ட்டால் அடித்தவனிடம்! இருநூறாம் பக்கத்தில் அந்த பெல்ட்டைப் பிடுங்கிக் கடலில் எறிந்தவள் அவள். கண்ணைக் குழாய்க்குள் விட்டு, கழுத்து பிடித்துக்கொண்டு, நான் அவளோடு பதினைந்து நாள் வாழ்ந்திருக்கிறேன். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

“அவ சாவல” என்றேன்.

அம்மா என் முழங்கையைத் தேடினாள். நான் நகர்ந்துகொண்டேன்.

“யாரு சாவல?” என்றார் முசியே.

“அந்தப் பொண்ணு. ரொட்டிக்கடை வெச்சி நல்லா இருக்கா. யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கல.”

என் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முசியேவின் முகம் சிவந்தது. எழுந்துவிடுவார், வாசலைக் காட்டி எங்களை வழியனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். எல்லாம் போச்சு, வாயால் கெட்டேன் என்று தோன்றியது. மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அழுகை வந்தது. கண்ணாடி முன்னால் எவ்வளவு முயன்றும் வராத அழுகை.

வாத்தியார் எழுந்தார். “நான் சொல்லல? இந்தக் காலத்துப் பொண்ணுங்க படிச்சிட்டேன்னு வாய் கூசாம சொல்லுவாளுங்க” என்று ரிப்பனை இழுத்துப் புத்தகத்தைத் திறந்தார். ஓரத்தைப் பார்த்தார். கண் விரிந்தது. வெற்றியோடு புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். “பாருங்க, எல்லாரும் பாருங்க! ஒரு பக்கங்கூட அறுக்கல! ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் அப்படியே இருக்கு! இத எவனாவது படிச்சேன்னு சொன்னா...”

அங்கே நிறுத்தினார். தூக்கிய கை மெதுவாக இறங்கியது. தான் சொன்னது தன் காதிலேயே விழ அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது. மருந்துக்கடைக்காரர் முன்னைவிட மும்முரமாகத் தரையைப் பார்த்தார். அவர் எப்போதோ ஒரு நாள் ரிப்பனை அவிழ்த்துப் பார்த்திருக்க வேண்டும். அவிழ்க்காமல் அழுதவர் பெரிய பொய்யரா, அவிழ்த்துப் பார்த்துவிட்டு அழுதவர் பெரிய பொய்யரா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

முசியே நாற்காலியில் சுருங்கிப் போனார். “சைகோன்ல எங்க துரை குடுத்தாரு” என்றார் மெதுவாக. “முடிவுல அழுதேன்னு அவருதான் சொன்னாரு.” பிறகு வேறு யாரையும் பார்க்க முடியாமல் மகனைப் பார்த்தார். “நீயாவது படிச்சியாடா?”

“நீங்க சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆயிடுச்சி பப்பா” என்றார் மாப்பிள்ளை. பிறகு என்னைப் பார்த்து, “ரொட்டிக்கடையா? அந்தக் கப்பல் மொதலாளி என்னா ஆனான்?” என்றார். குடும்ப மானம் கப்பலேறிக்கொண்டிருக்கும்போது அந்த மனுஷனுக்குக் கதைதான் முக்கியம். அவர்மேல் எனக்கு இருந்த ஆசை அந்த நிமிஷத்தில் இரட்டிப்பாகிவிட்டது, அதனால் பயமும் இரட்டிப்பாகிவிட்டது.

“அதெல்லாம் இருக்கட்டும். அறுக்காத புஸ்தகத்த இந்தப் பொண்ணு எப்படிப் படிச்சிருக்க முடியும்?” என்றார் வாத்தியார், விழுந்தும் மீசையில் மண் ஒட்டாதவராக.

“கீழேர்ந்து பாத்தா தெரியும்.”

சொன்னது நான் இல்லை. முசியேவின் மனைவி காப்பித் தட்டோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார். தட்டை மேஜையில் வைத்தார். “ரெண்டு வெரல வுட்டுப் பிரிச்சிப் புடிச்சா குழா மாதிரி ஆவும். வெயில்ல படிக்கணும். மொதல்ல கழுத்து வலிக்கும், அப்புறம் பழகிடும். பொண்ணு சொல்றதுதான் சரி. அவ சாவல.”

முசியே நிமிர்ந்து பார்த்தார். “நீ படிச்சியா?”

“நானும் கன்னியாஸ்திரிங்ககிட்ட அஞ்சு வருஷம் படிச்சவதான.”

“எப்போ?”

“சைகோன்லயே. நீங்க கோர்ட்டுக்குப் போனதும். அறுத்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு அறுக்கல. இது மட்டும் இல்ல, அலமாரில இருக்கிற மத்ததும்தான்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

அந்த அம்மா ஒவ்வொருவருக்காகக் காப்பி எடுத்துக் கொடுத்தார். வாத்தியாருக்கும் கொடுத்தார். கடைசி டம்ளரைக் கணவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார். “ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாருக்கும் இது நல்ல புஸ்தகம், படிங்கன்னு சொன்னீங்க. ரொட்டிக்காரருக்குக்கூட சொன்னீங்க. எங்கிட்ட ஒரு நாளாவது சொன்னீங்களா?”

யாரும் காப்பியைத் தொடவில்லை. எனக்கு என் கல்யாணம்கூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. அத்தனை வருஷம் ஜன்னலோரத்தில் தனியாக உட்கார்ந்து, இவ்வளவு நல்ல புத்தகத்தை முடித்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் எழுந்துபோய் உலை வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

முசியே எழுந்தார். வாத்தியார் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். துணியால் ஒரு முறை துடைத்தார். என்னிடம் கொடுத்தபோது நின்றதைப்போலவே நேராக நின்று, இரண்டு கையாலும் அதை மனைவியிடம் நீட்டினார். “நல்ல புஸ்தகம்” என்றார். “படிச்சிப் பாரு.”

அந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். ஆனால் புத்தகத்தை வாங்கவில்லை.

“நான் படிச்சாச்சி. நீங்க படிங்க” என்றார். “புரியலன்னா, இருக்கவே இருக்கா மருமவ. கேட்டுக்குங்க.”